ஐம்பது சதவீத வலி

பணியாளர் உடல்தகுதி வாரியத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூட வாரியத்தின் ஆண்டறிக்கையைப் படித்ததில்லை. படித்திருந்தால், தொடங்கிய நாள் முதல் இன்று வரை அந்த வாரியம் ஒரே ஒரு தவறான தீர்ப்பைக்கூட வழங்கியதில்லை என்பது தெரிந்திருக்கும். அறிக்கையை எழுதுவதும் அதே வாரியம்தான் என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்ட வாரியத்தையே ஆட்டிவைத்த முதுகு ஒன்று உண்டு. அது ஒரு பதிவறைக் காப்பாளருக்குச் சொந்தமானது. அலுவலகத்தில் அவரைப் பேரேடு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து நான்கு வருடங்களாகப் பேரேடுகளோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

பதிவறையில் பேரேடுகள் தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் நன்றாக வளர்ந்த இரண்டு கைக்குழந்தைகளின் எடை இருக்கும். யார் எந்த ஆவணத்தைக் கேட்டாலும் அது கீழ்த்தட்டில்தான் இருக்கும். அது அந்த அறையின் ராசி. பேரேடு வில்லாக வளைந்து, கையை நீட்டி, ஒரே இழுப்பில் தூக்கி மேசையில் போடுவார். மீதி நேரமெல்லாம் ஒரு கால் குட்டையான முக்காலியில் உட்கார்ந்திருப்பார். இருப்புப் பதிவேட்டில் அந்த முக்காலிக்கு நாற்காலி என்று பெயர்.

ஒரு வியாழக்கிழமை காலை, கீழே விழுந்த குண்டூசியை எடுக்கக் குனிந்தார். குனிந்தது குனிந்தபடியே நின்றுவிட்டார். ஆயிரக்கணக்கான பேரேடுகளைத் தூக்கியபோது வராத பிடிப்பு, ஒரு குண்டூசிக்கு வந்ததில் அவருக்குப் பெரிய அவமானம். ஆட்டோவில் மடித்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்று நாள் மெத்தையை விட்டு அசையக் கூடாது என்று மனைவி உத்தரவு போட்டாள். அவரும் அசையவில்லை. நான்காம் நாள் அசைய முடியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் மனைவியின் தங்கை, அக்காவைப் பார்க்க வந்தவள், அக்கா வீட்டுக்காரர் கட்டை போலக் கிடப்பதைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, கால்ல மரமரப்பு இருக்கா? கால் வலுவில்லாம மடங்கிப் போகுதா? ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது சிக்கல்?"

"ஏம்மா, இதெல்லாம் ஒரு மச்சினி மாமாகிட்ட கேக்கிற கேள்வியா?"

"நான் மாமாகிட்ட கேக்கல, நோயாளிகிட்ட கேக்கறேன். அதெல்லாம் இருந்தா இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

"அப்படி எதுவும் இல்ல. வலிதான். உயிர் போகுது."

"உயிரெல்லாம் போகாது. எழுந்திருங்க."

"எழுந்தா உள்ள ஏதாவது முறிஞ்சிடுமோன்னு பயமா இருக்கும்மா."

"முதுகு என்ன கண்ணாடிப் பாத்திரமா, அசைஞ்சா உடையறதுக்கு? வலிக்குதுன்னா உள்ள முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல மாமா. தசை மிரண்டு போய் இறுக்கிப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். நீங்களும் பயந்துக்கிட்டுப் படுத்தே கிடந்தா அது இன்னும் இறுகும். கொஞ்சம் கொஞ்சமா அசைச்சாத்தான் அதுக்கும் தைரியம் வரும், உங்களுக்கும் வரும்."

அன்றைக்கே கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த ஆறடி இடத்தில் ஒரு போர்வையை விரித்து அவரைக் கிடத்தினாள். முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னாள். ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கி இழுக்கச் சொன்னாள். படுத்தபடியே இடுப்பை மட்டும் மேலே தூக்கி, ஐந்து எண்ணி, இறக்கச் சொன்னாள். பிறகு நாலு காலில் நிற்க வைத்து, பூனை சோம்பல் முறிப்பதைப் போல முதுகை மேலே குவித்து, கீழே தொய்யவிடச் சொன்னாள். வாசலில் நின்று பார்த்த மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேரேடுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பத்து நிமிடம் கழித்து, மூன்று நாளாக முடியாத ஒன்றை அவர் செய்தார்: தானாக நடந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

"ஒரு வாரத்துல பறந்து போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆறு வாரம் ஆகலாம். காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். ஆபீசுல அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு நிமிஷம் நடங்க. பேரேட்டைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி உட்கார்ந்து, நெஞ்சோட அணைச்சுத் தூக்குங்க. ஒரு தள்ளுவண்டி கேட்டு வாங்கிக்குங்க" என்றாள் மச்சினி.

சொன்னதில் எல்லாமே எளிதாகத்தான் இருந்தது, இரண்டைத் தவிர. அரைமணிக்கு ஒரு தடவை எழுவதும், தள்ளுவண்டி கேட்பதும் அலுவலகம் சம்பந்தப்பட்டவை. அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதற்கொரு கண்காணிப்பாளரும் இருப்பார்.

கண்காணிப்பாளர் கெட்டவர் அல்லர். பேரேடு சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பேரேடு, வேலை நேரத்துல ஒருத்தர் எழுந்து நிக்கிறார்னா, ஒண்ணு மேலதிகாரி வந்திருக்கணும், இல்ல வேலை முடிஞ்சிருக்கணும். ரெண்டுமே நம்ம ஆபீசுல நடக்கிறது இல்ல. நீங்க பாட்டுக்கு எழுந்து நின்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"முதுகு வலிக்காகத்தான் சார்."

"முதுகுன்னா உடம்பு. உடம்புன்னா வாரியம். ஒரு மனு எழுதிக் குடுங்க, அனுப்பி வைக்கிறேன்."

பேரேடு இரண்டே வரியில் மனு எழுதினார். பத்தொன்பதாம் நாள் வாரியத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. வலியின் நீளம், அகலம். வலி தொடங்கிய மணி, நிமிடம். அப்போது உடனிருந்த சாட்சிகள் இருவர். வலி நிரந்தரமா, தற்காலிகமா. தற்காலிகம் எனில் முடியும் தேதி. சாட்சி என்ற இடத்தில் பேரேடு யோசித்து யோசித்துக் குண்டூசி என்று எழுதினார். மனைவி அதை அழித்துவிட்டு, கண்காணிப்பாளர் பெயரையும் ஆட்டோக்காரர் பெயரையும் எழுத வைத்தாள்.

மறு வாரமே ஒப்புகைச் சீட்டும் வந்துவிட்டது. மனுதாரரின் வலி 4417ஆம் எண்ணில் பதிவு செய்யப்பட்டது என்றும், நான்கு மாதம் கழித்து வாரியம் அதை நேரில் பார்வையிடும் என்றும், அதுவரை வாரியத்தின் முன் அனுமதியின்றி மேற்படி வலியில் எவ்வித மாற்றமும் செய்யக் கூடாது என்றும் அதில் அச்சிட்டிருந்தது. பேரேடு அதைப் படித்துவிட்டுப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாற்றம் என்றால் என்ன என்று அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

பயிற்சி தன் வேலையைக் காட்டியது. மூன்றாம் வாரம் இரவில் புரண்டு படுக்க முடிந்தது. ஐந்தாம் வாரம், செருப்புக்காரரிடம் வாரைத் தைத்து வாங்கிய பழைய காலணியைத் தானே குனிந்து மாட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், யாராவது கேட்கமாட்டார்களா என்று முகத்தை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். கண்காணிப்பாளர் கேட்டார்.

"வலி எப்படி இருக்கு?"

"நல்லாக் குறைஞ்சிட்டு வருது சார்."

"ஐயோ!" என்று கண்காணிப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க? வாரியம் பார்க்கிற அன்னைக்கு வலி நாற்பது சதவீதத்துக்குக் கீழ இருந்தா பொய் மனு. வேலை போயிடும்."

பேரேடு மேசைக்குக் கிட்டே நகர்ந்தார். "அப்ப நிறைய வலி இருந்தா சார்?"

"அறுபதுக்கு மேல போனா உடல்தகுதி இல்லாதவர். வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுலயும் வேலை போயிடும். நான் சொல்றதைக் கேளுங்க, ஐம்பதுல நிறுத்தி வைங்க. போன வருஷம் நம்ம டிரைவர் ஒருத்தர் நாற்பத்தெட்டு கொண்டு போனார். கௌரவமா திரும்பி வந்தார்."

பேரேடு ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடங்கள் இருந்தன. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை, எந்தப் பேரேடு எந்தத் தட்டில் இருக்கிறது என்பது. அந்த வித்தையை வைத்துக்கொண்டு வெளியில் போய் ஒரு நாள் பிழைக்க முடியாது. அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது, காலையில் இருந்த நடை இல்லை.

மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே முடிவாகச் சொன்னாள். "வாரியம் முடியற வரைக்கும் பயிற்சி கிடையாது."

மச்சினிக்குப் போனில் விஷயம் தெரிந்து, போனிலேயே சண்டைக்கு வந்தாள். "அக்கா, உனக்குப் புத்தி இருக்கா? வலியை என்ன ஃப்ரிட்ஜுல வெச்சா பாதுகாக்க முடியும்? ஐம்பதுல நிறுத்தறதுக்கு அது என்ன கேஸ் அடுப்பா?"

"உனக்கென்னடி, நீ சொல்லிட்டுப் போயிடுவே. நாளைக்கு மாமாவுக்கு வேலை போனா நீயா வந்து நிப்பே?"

இரண்டு நாள் பேரேடு பயிற்சி செய்யவில்லை. மூன்றாம் நாள் காலையில் இடுப்பு அதுவாகவே கேட்டது. குளிக்கப் போவதாகச் சொல்லி, துண்டையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். சிலர் வீட்டுக்குத் தெரியாமல் புகைபிடிப்பார்கள், சீட்டாடுவார்கள். இவர் வாளியை நகர்த்திவிட்டு இடுப்பைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. உள்ளே என்ன சத்தம் என்று மனைவி கதவைத் தள்ளியபோது அவர் நாலு காலில் நின்றபடி முதுகைக் குவித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குற்றவாளி போல எழுந்து நின்றார்.

சுவரைப் பிடிக்காமல், முகத்தைச் சுளிக்காமல் அவர் எழுந்ததை அவள் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"வேலை போனாப் போகட்டும்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லீங்க. ஆனா நீங்க கோணிக்கிட்டு நடக்கிறதை மறுபடியும் பார்க்கவும் முடியாது. வெளியில வந்து நல்லாப் போர்வையை விரிச்சுச் செய்ங்க" என்றாள்.

அவர் போர்வையை உதறி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாரியம் கூடும் நாள் வந்தது. மூன்றாவது மாடி. லிஃப்ட்டுக்குள் ஏறப் போனவரை லிஃப்ட்காரர் கை நீட்டி நிறுத்தினார்.

"உடம்பு முடியாதவங்கன்னு வாரியம் குடுத்த சான்றிதழ் இருந்தாத்தான் லிஃப்ட்டு."

"அது எங்க குடுப்பாங்க?"

"மூணாவது மாடியில."

படியேறிப் போனார். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. சாய்மானம் இல்லை. ஒரு சாண் அகலம். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குத்தான் முதல் ஆளைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த தட்டச்சர் ஒருவர் மெல்ல முனகினார்.

"நான் கழுத்து வலின்னுதாங்க மனு குடுத்தேன். இங்க வந்து உட்கார்ந்ததுல இடுப்பும் சேர்ந்துக்கிச்சு."

அவர் உள்ளே போகும்போது ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு போனார். பேரேடுக்கு மட்டும் மச்சினி சொன்னது பழக்கமாகிவிட்டிருந்தது. அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து, தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கதவருகே நின்ற உதவியாளர் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். மூன்று மணிக்கு 4417 என்று குரல் வந்தது. பேரேடு நிமிர்ந்து நடந்து உள்ளே போனார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் உயரமான நாற்காலியில் தலைவர். வலப்பக்கம் மருத்துவ உறுப்பினர். நோயாளி ஒருவரைத் தொட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. இடப்பக்கம் விதி உறுப்பினர்; முன்னால் தலையணை மாதிரி ஒரு விதிப்புத்தகம். நிமிர்ந்து வந்த மனிதனைப் பார்த்து மூவரும் திகைத்தார்கள். அப்படி ஒருவரை அந்த அறை அதுவரை கண்டதில்லை. உதவியாளர் நோட்டைத் தலைவரிடம் நீட்டினார்.

"ஐயா, இவர் எட்டுத் தடவை எழுந்து நடந்தார்."

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்த வாரியத்துக்கு இதுவரைக்கும் வந்தவங்க நாலாயிரத்து நானூத்திப் பதினாறு பேர். அத்தனை பேரும் வலியோடதான் உள்ள வந்தாங்க. பொய்யா வந்தவங்க ஒருத்தர்கூட கிடையாது. இந்த மாதிரி சுத்தமான கணக்கு வேற எந்த வாரியத்துலயும் பார்க்க முடியாது. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?"

"வெளியில இருக்கே, பெஞ்சு, அதை நானே தேர்ந்தெடுத்தேன்." தலைவர் பெருமையோடு உறுப்பினர்களைப் பார்த்தார். "உட்கார்றதுன்னா என்னன்னு என்னைப் பார்த்துக் கத்துக்கணும். இருபத்திரண்டு வருஷம். பத்து மணிக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்தா அஞ்சு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவுல இப்படி அப்படி அசைய மாட்டேன். ஒழுங்குன்னா அது. இருக்கட்டும். உங்க வலி எங்க?"

"குறைஞ்சிடுச்சு சார்."

"யாரைக் கேட்டுக் குறைஞ்சது?"

விதி உறுப்பினர் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"பதிவாகிட்ட வலி வாரியத்தோட பொறுப்புல இருக்குங்க ஐயா. மனுதாரர் அதைத் தன்னிச்சையா அழிச்சிருக்கார். பொய் மனுவைவிட இது பெரிசு. வேலைநீக்கம்தான்."

"என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்றார் மருத்துவ உறுப்பினர்.

"மருந்து இல்ல சார். பயிற்சி. தரையில படுத்து."

"எந்த ஆஸ்பத்திரி?"

"வீடு சார்."

"வீட்டுல எந்தப் பிரிவு?"

"கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல சார்."

மருத்துவ உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மாதிரி ஆளாளுக்கு வீட்டிலேயே குணமாயிட்டா அதைப் புள்ளிவிவரத்துல எந்தக் கட்டத்துல சேர்க்கிறது? சமுதாயப் பொறுப்பு வேண்டாமா?"

ஒன்பது வருடமும், மகளின் படிப்பும், மனைவியின் கண்ணீரும் ஒன்றாக வந்து பேரேடின் நெஞ்சில் உட்கார்ந்தன. பயத்தின் உச்சியில் மனிதனுக்குச் சில சமயம் உண்மை மட்டும்தான் வாயில் வரும்.

"சார், வலி இருந்தது நிஜம். அது போனதும் நிஜம். எப்படிப் போச்சுன்னு வேணும்னா செஞ்சு காட்டறேன்."

செய்து காட்டினார். கம்பளத்தில் படுத்தார், முழங்காலை நெஞ்சுக்கு இழுத்தார், இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணினார். மூவரும் மேசை விளிம்பில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார்கள். முடித்ததும் விதி உறுப்பினர் மறுபடி பக்கத்தைப் புரட்டினார்.

"மனுதாரர் காட்டுற சாட்சியத்தை வாரியம் தானே சோதிச்சுப் பார்க்கணும்னு இருக்குங்க ஐயா. வாரியம்னா முதல்ல தலைவர்தான்."

தலைவருக்கு மறுக்க வழியில்லை. இருபத்திரண்டு வருடங்களில் முதல் தடவையாக மூன்று மணிக்கு எழுந்தார். எழும்போது முழங்கால்களிலிருந்து வந்த சத்தத்தை எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கம்பளத்தில் படுத்து முழங்காலை மடக்கியதும், அவர் முகத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் நிம்மதி வந்தது. "ஆஹா" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேரேடு மெதுவாக என்று சொல்வதற்குள், பதவிக்கேற்ற வேகத்தில் இடுப்பைத் தூக்கிவிட்டார். பிறகு விருட்டென்று எழுந்து உட்காரப் பார்த்தார். பாதியில் பிடித்துக்கொண்டது. மல்லாக்க விழுந்து, கூரையைப் பார்த்தபடி "அம்மா" என்று அலறினார்.

அறையில் யாரும் அசையவில்லை. விதி உறுப்பினர் மட்டும் பேனாவைத் திறந்தார். தலைவருக்கு அடுத்தபடி மூத்தவர் அவர்தான்.

"ஐயா, பதிவுக்காகக் கேக்கறேன். வலி எத்தனை சதவீதம்?"

தலைவரின் நெற்றியில் வியர்வை பூத்தது. "ஐம்... ஐம்பது."

"முகத்தைப் பார்த்தா எழுபது மாதிரி இருக்குங்களே."

"ஐம்பதுன்னு எழுதுய்யா!"

பேரேடு பதறிப்போய்க் கைகொடுக்கக் குனிந்தார். "தொடக்கூடாது!" என்றார் விதி உறுப்பினர். "விசாரணையில இருக்கிறவர் தலைவரைத் தொட விதியில இடமில்ல."

"அப்ப டாக்டர் சாராவது தூக்கலாமே?"

"நான் எப்படிய்யா தூக்கறது, எனக்கே குனிஞ்சா இடுப்பு..." என்று தொடங்கிய மருத்துவ உறுப்பினர், விதி உறுப்பினரின் பேனா தன் பக்கம் திரும்புவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

பேரேடு தரையில், தலைவரின் காதருகே, தொடாமல் உட்கார்ந்தார். "சார், பயப்படாதீங்க. ஒண்ணும் உடையல. நல்லா மூச்சு விடுங்க. ரெண்டு முழங்காலும் மடக்கின மாதிரியே இருக்கட்டும். அப்படியே ஒரு கட்டை உருளற மாதிரி இடப்பக்கம் புரளுங்க. அவசரமே இல்ல."

புரள்வதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. முகம் பேரேடின் பக்கம் திரும்பியதும், தலைவர் உதடு அசையாமல் பேசினார்.

"எனக்கு இது இன்னைக்கு வந்ததில்லய்யா. வருஷக்கணக்கா இருக்கு. காலையில எழுந்திருக்க அரைமணி ஆகும். சொன்னா நாற்காலி போயிடும்."

இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்த பேரேடுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையை ஊன்றுங்க, முழங்காலை ஊன்றுங்க என்று சொல்லிச் சொல்லி, நாற்பது நிமிடத்தில் அவரை நிற்க வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்த நொடியே தலைவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "தீர்ப்பு தபாலில் வரும். போகலாம்" என்றார்.

அடுத்த ஆறு வாரம் பேரேடு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தபால்காரர் தெருவுக்குள் வந்தாலே மனைவி உள்ளே போய்விடுவாள். கடைசியில் தீர்ப்பு வீட்டுக்கு வரவில்லை, அலுவலகத்துக்கு வந்தது. பேரேடு உறையைப் பிரிக்கப் பயந்து கண்காணிப்பாளரிடம் கொடுத்தார். அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"தற்போது வலி இல்லாத காரணத்தால் தள்ளுவண்டி மறுக்கப்படுகிறது. மனுதாரர் வலியை அழித்ததாகக் கூறப்படும் குற்றம், அழிக்கப்பட்ட வலி வாரியத்தின் முன் ஆஜர்படுத்தப்படாததால் நிரூபணமாகவில்லை. அவர் பணியில் தொடரலாம்."

பேரேடு கடிதத்துக்காகக் கையை நீட்டினார். கண்காணிப்பாளர் கையை உயர்த்தி, இன்னும் இருக்கிறது என்று சைகை காட்டினார்.

"அரைமணிக்கு ஒரு முறை எழுந்து நிற்க அனுமதி கோரியது தொடர்பாக: விதிப்புத்தகத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் பரிசீலித்ததில், பணியாளர் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என எங்கும் குறிப்பிடப்படவில்லை. ஆகவே, எழுந்து நிற்க அனுமதி வழங்க இவ்வாரியத்துக்கு அதிகாரம் இல்லை."

தட்டச்சு செய்யும் அம்மா கையைத் தட்டச்சுப் பொறியிலிருந்து எடுத்தார். "அப்படின்னா என்னங்க சார் அர்த்தம்?"

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, கடைசி வரியை இன்னொரு தடவை மனதுக்குள் வாசித்தார். "நம்மளை உட்காரச் சொல்லி யாருமே சொல்லலைன்னு அர்த்தம்மா. நாமளா உட்கார்ந்திருக்கோம்."

முதலில் எழுந்தது அந்த அம்மாதான். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். எங்கே போவது என்று தெரியாமல் அவரவர் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டார்கள். பேரேடு மனைவிக்குச் செய்தி சொல்லப் போனை நோக்கி நடந்தார். அவர் எடுப்பதற்குள் அது மணியடித்தது.

"பதிவறைக் காப்பாளர் இருக்காரா?" மிகவும் அடங்கிய குரல்.

"நான்தான் பேசறேன்."

"நான் வாரியத் தலைவர். சத்தம் போடாதீங்க. தரையில இருக்கேன். மதியத்துல இருந்து. கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டுத் தனியாச் செஞ்சு பார்த்தேன்யா. எழுந்திருக்கிற முறை மறந்து போச்சு. வெளியில பெஞ்சுல இருபது பேர் உட்கார்ந்திருக்காங்க."

முறைப்படி படிவம் பூர்த்தி செய்தீர்களா சார் என்று பேரேடுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த ஒரு நொடி அவருக்குக் கிடைத்த சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை. ஆனால் தரையில் கிடப்பவன் படுகிற பாடு அவருக்குத் தெரியும். கேள்வியை விழுங்கிவிட்டு, நின்றபடியே நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.

"முதல்ல நல்லா மூச்சு விடுங்க சார். முழங்காலை மடக்குங்க. ரெண்டும் சேர்ந்தே இருக்கட்டும். இப்ப ஒரு பக்கமாப் புரளுங்க. எந்தப் பக்கமானாலும் சரி. ம்... கையை ஊன்றுங்க. முழங்காலை ஊன்றுங்க. நாற்காலியைப் பிடிச்சுக்குங்க. ஆமாம் சார், அதே நாற்காலிதான். மெதுவா."

அலுவலகமே நின்றுகொண்டு கேட்டது. ரிசீவரில் முனகலும் மூச்சும் வெகுநேரம் வந்துகொண்டிருந்தன. கடைசியில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"நின்னுட்டேன்யா."

"ரொம்ப சந்தோஷம் சார்."

பிறகு, நாலாயிரம் முதுகுகளுக்குத் தீர்ப்பெழுதிய அந்தக் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"இப்ப நான் உட்காரலாமா?"

"வேண்டாம் சார்" என்றார் பேரேடு. "கதவைத் திறங்க. பெஞ்சுல இருக்கிறவங்களையும் எழுப்பிக் கூட்டிக்கிட்டுத் தாழ்வாரத்துல கொஞ்சம் நடந்துட்டு வாங்க."

போனை மேசையில் வைக்கும் சத்தம் வந்தது. அப்புறம், வெகு தூரத்தில், தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.